டிரான்ஸ்பார்மர் அடியில்

நாய் ஆஸ்பத்திரியில் பேதி நோய்க்கென்று ஒரு தனி அறை. ஒரு கூண்டில் டஃபி, பங்களா வீட்டு லாப்ரடார். எதிர்க் கூண்டில் யாரோ புண்ணியவான் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்த தெருநாய் செவலையும், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த அவள் குட்டியும். கூடப் பிறந்ததெல்லாம் செத்துப்போய், மிஞ்சியது இது ஒன்றுதான்.

"எல்லாம் உங்களால வந்த வினை!" என்று டஃபி பொரிந்து தள்ளினான். "தெருப் புழுதியில புரள்ற ஜென்மங்க. நான் குடிக்கிறதே கேன் தண்ணி. எனக்கு எப்படி ரத்தமாப் போகும்?"

செவலை குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறையில், கிருமியின் மரபணுவைப் படிக்கிற மெஷின் தொண்டையைச் செருமியது. "ரெண்டு சாம்பிளையும் எழுத்தெழுத்தாப் படிச்சிட்டேன். ஒரே வைரஸ்தான். பார்த்து எழுதுறவன் முன்னவனோட தப்பையும் எழுதி, தன் தப்பு ஒண்ணையும் சேர்ப்பானில்ல, அந்த மாதிரி. டஃபிகிட்ட இருக்கிற தப்பு எல்லாமே குட்டிகிட்டயும் இருக்கு. மேல புதுசா ஒண்ணும் இருக்கு."

"அப்படின்னா?"

"உன்கிட்டேர்ந்துதான் குட்டிக்குப் போயிருக்கு."

டஃபிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொய்! இவங்க பக்கம் நான் மூஞ்சியைக்கூடத் திருப்பினதில்ல. எங்க கேட் வாசல் அசிங்கமாகக் கூடாதுன்னு, ஐயா என்னைச் சங்கிலியில தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடிக்குக் கூட்டிட்டுப் போவார். வெளிக்கு இருந்து முடிச்சதும் நேரா வீடுதான்."

குட்டி மெல்லத் தலையைத் தூக்கியது. டஃபியைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது.

"அம்மா, தினமும் காலையில நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போற அண்ணன்!"