கூப்பிட்டால் யார் வருவது

"தையல்நாயகின்னு கூப்பிட்டா யார் வர்றது, சொல்லு?"

கல்யாணமான மறுநாள் கணவன் கேட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"நான்தான் வருவேன்."

"அதான் இல்ல. அம்மா கரண்டியோட வந்து நிப்பாங்க. அவங்க பேரும் அதானே? பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பாவம் எனக்கு எதுக்கு? வனிதான்னு வச்சுக்குவோம். நல்லாத்தானே இருக்கு?"

அவள் "ம்" என்றாள்.

இருபது வருஷத்துக்கு முந்தைய அந்த "ம்" இன்று காலை அவள் தொண்டையில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மண்டபத்து மாடியில் வரிசையாகப் பாய்கள். பக்கத்துப் பாயில் மாமியார். முழங்கால் மடங்காததால் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நீயும் வா, தனியாப் போக வெக்கமா இருக்கு" என்று அழைத்து வந்தவர் அவர்தான்.

யோகா டீச்சர் தன் தொண்டைக்குழியைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் விசுத்தி சக்கரம். சொல்ல நினைச்சுச் சொல்லாம விட்டதெல்லாம் இங்கதான் தங்கும்."

எல்லோரும் "ஹம்" என்று நீளமாக மூச்சை விட்டார்கள். அவளுக்கு அதில் கடைசி எழுத்து மட்டும்தான் வந்தது.

"இப்ப ஒவ்வொருத்தரா, தொண்டையில விரலை வச்சுக்கிட்டு உங்க பேரைச் சொல்லுங்க. சத்தமா."



ஒருவர் இனிஷியலோடு சொன்னார். ஓர் அம்மாள் தன் பெயரோடு வீட்டுக்காரர் பெயரையும், அவர் பார்த்த உத்தியோகத்தையும் சேர்த்துச் சொன்னார்.

"உங்க பேர் மட்டும் போதும்மா."

மாடியே சிரித்தது.

அத்தையின் முறை வந்தது.

"என் பேரா?" என்றார், வேறு யாரையோ கேட்டுவிட்டது போல. தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். இரண்டு விரலைத் தொண்டையில் வைத்தார்.

"தையல்நாயகி."

வகுப்பில் பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்கிற சிறுமியின் குரல் அது. சொல்லி முடித்து, தன் விரல்களைத் தானே பார்த்துக்கொண்டார்.

அவள் திரும்பினாள். அத்தை வாயால் அந்தப் பெயரைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

வீட்டில் யாரும் அத்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது ஒரு மூச்சு கழித்துத்தான் உறைத்தது. மாமனார் இருந்தவரை "இந்தாரு"தான். கூடப்பிறந்தவர்களுக்கு அக்கா. பிள்ளைகளுக்கு அம்மா. தெருவுக்கு மாடி வீட்டு அம்மா.

பஸ்ஸில் யாருக்கோ துண்டு போட்டு வைத்த இடம் மாதிரி, அந்தப் பெயர் இத்தனை வருஷமும் காலியாகவே வந்திருக்கிறது.

பக்கத்தில் இவள் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

அப்பா மட்டும் போனில் "தையலு" என்பார். இந்த ஆடியில் அவரும் போய்விட்டார். இப்போது அந்தப் பெயரைச் சொல்பவர் ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான். அதுவும், கட்டை விரலை வைக்கச் சொல்லும்போது.

"அடுத்து நீங்க."

தொண்டையில் விரல் வைத்தாள். நாடி துடிப்பது தெரிந்தது.

அத்தை சொன்ன கையோடு அதே பெயரை எப்படிச் சொல்வது? போட்டிக்கு வந்தது போல இருக்காதா? இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்தாளா என்று ஆகிவிடாதா?

"வனிதா."

விரலுக்கு அடியில் ஒன்றுமே அதிரவில்லை.

அத்தை அவளைப் பார்த்தார்.

வகுப்பு முடிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அத்தை ஒவ்வொரு படியாக முன்னால் இறங்கிப் போனார். அவள் இரண்டு பாயையும் சுருட்டி இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கீழே ஒரே செருப்புக் குவியல்.

"வனிதா, என் செருப்பைக் காணோமே. வந்து பாரேன்."

இதோ வந்துட்டேன் அத்தை.

வாய்வரை வந்துவிட்டது. எப்போதும் வருவதுதான்.

அவள் நடுப்படியில் நின்றாள்.

"வனிதா!"

பாய்களைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தாள். விரல் தானாகத் தொண்டைக்குப் போனது.

என்ன ஆயிற்று இவளுக்கு என்று அத்தை அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணில் பட, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"அத்தை..."

குரல் பிசிறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"தையல்நாயகின்னு ஒரு தடவை கூப்பிடுங்க அத்தை. வர்றேன்."