கண்ணாடி விளக்கு

“மூணாவது ஃபியூஸும் போச்சு சார்,” என்றார் கார் ஷெட் எலக்ட்ரீஷியன் ஜபருல்லா, கனகசபையிடம். “நீங்க தனியா ஓட்டினா ஒண்ணும் ஆகல. மேடம் ஏறினாத்தான் போகுது.”

“எம்மேல என்ன கரண்டா ஓடுது?” என்றாள் தாட்சாயணி.

அவர் புது ஃபியூஸைச் செருகினார். கார் ரேடியோவில் பாட்டு கேட்டது. அவள் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல வெயில் மறைக்கும் பலகையை இறக்கினாள். பாட்டு நின்றது.

“இதேதான்! பலகையில இருக்கிற கண்ணாடி விளக்கோட ஒயர் தேஞ்சிருக்கு. இறக்கினா உரசி ஷார்ட் ஆகுது. யாருக்காக சார் மாட்டினீங்க?”

கனகசபை கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக்கொண்டார். செத்துப்போன முதல் மனைவி அம்சவேணிக்காக மாட்டியது அது. கண்ணாடி மூலையில் அவள் ஒட்டிவைத்த அரக்குப் பொட்டு இன்னும் இருந்தது. இருக்கிறதா என்று பார்க்கத்தான் தாட்சாயணி, கல்யாணமாகி வந்த இந்த இரண்டு வருடமாகப் பலகையை இறக்குகிறாள். பிய்க்கத்தான் கை வரவில்லை.

“ஒயரை வெட்டிட்டா தொல்லை விட்டுது சார்.”

“வேணாம் பாய், டேப் சுத்துங்க. விளக்கு இருக்கட்டும்.” கனகசபை கை கழுவப் போனார்.

“வெட்டிடுங்க பாய்,” என்றாள் தாட்சாயணி.

“சார் திட்டுவாரேம்மா?”

“ஃபியூஸ் போகாதுல்ல? அதுக்குத்தான வந்தோம்?”

அவர் வெட்டினார்; மறுபடி ஒரு ஃபியூஸைச் செருகினார்.

திரும்பி வந்த கனகசபை, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பலகையை இறக்கினார். விளக்கு எரியவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டின் அரையிருட்டில் அவருடைய ஈர விரல், தேடாமலே, பொட்டின் மேல் போய் நின்றது.