சித்திக்கு எத்தனை மணி

மூடிய கதவுக்கு வெளியே சித்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளே, டப்பாவில் ஒரு பாசிமணி விழுந்தது.

ஆறு வயதாகியும் பேச்சு வராத பெண். எதைக் கொடுத்தால் எவ்வளவு உழைப்பாள் என்று தெரபிஸ்ட் ஒரு வாரமாக அளந்துகொண்டிருந்தாள். முதலில் ஒரு மணியை டப்பாவில் போட்டால் போதும், கேட்டது கிடைக்கும். அடுத்த முறை இரண்டு போட வேண்டும். அப்புறம் நான்கு, எட்டு என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியாக எத்தனை மணி போட்டு முடிக்கிறாளோ, அதுதான் அந்தப் பொருளின் மதிப்பு.

சோப்புக் குமிழி பதினாறு. சிப்ஸ் முப்பத்திரண்டு.

இன்றைக்குச் சித்தி.

போட வேண்டியதைப் போட்டு முடித்தால் சித்தி உள்ளே வந்து ஒரு நிமிடம் பக்கத்தில் உட்காருவாள். பிறகு எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

அந்தப் பெண்ணின் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து பத்து மாதமாகிறது. குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், தலை வாரி விடுகிறாள். சுவருக்குச் செய்வது போலத்தான்; ஒரு பார்வைகூடத் திரும்பி வராது. என்னை மட்டும் அளக்க வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

நான்கு முறை உள்ளே போய்த் திரும்பிவிட்டாள். இப்போது பதினாறு.

கைப்பை வாரை முறுக்கியபடி எண்ணினாள். மூன்று. நான்கு. ஐந்து.

ஆறாவது விழவில்லை.

நாலடி நடந்தாள். திரும்பினாள். கதவில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

சோப்புக் குமிழிக்குக்கூட ஈடில்லையா நான்? அவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

கைப்பிடி திரும்பியது.

தெரபிஸ்ட் ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே யாருமில்லை. குனிந்தாள்.

குட்டிப் பெண் வேறெங்கோ பார்த்தபடி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். மடியில் ஏறி, முதுகைக் காட்டிச் சாய்ந்து, சித்தியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று.

தெரபிஸ்ட் தாளைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"பதினாறு முடிக்கலையே. எட்டுன்னுதான் எழுத முடியும்," என்றாள் தயங்கி.

"எழுதிக்கோங்க," என்றாள் சித்தி.