பாட்டை நிறுத்தியவர்

"இப்பல்லாம் ஆள் செத்தாத்தான் மவுசு. கடைசிக் காலத்துல அவளை ஒருத்தன் எட்டிப் பார்க்கல. போனப்புறம் வரிசையா படம் எடுக்கறானுங்க!"

சட்டையில் மைக் மாட்ட வந்த கேமராக்காரரைப் பார்த்துத்தான் பெரியவர் இப்படிச் சிடுசிடுத்தார். ஒயரைச் சட்டைக்குள் விட்டபோது நெளிந்தார்.

"அசையாதீங்க ஐயா."

"கூசுதுப்பா. வயசான காலத்துல இது வேறயா?"

வாடகைக்கு எடுத்த மாடி அறை. ஜன்னல்களில் கறுப்புத் துணியை அடித்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டு, விளக்கை அதன் மேல் திருப்பி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஜாஸ் பாடகி ஒருத்தியைப் பற்றிய ஆவணப்படம். அவளைப் பற்றி ஏற்கெனவே இரண்டு சினிமாப் படங்கள் வந்துவிட்டன. புகழின் உச்சியில் இருந்தவள் முப்பது வயதில் பாட்டை ஏன் விட்டாள் என்பதற்கு இரண்டு படங்களும் சொன்ன பதில் ஒன்றுதான்: புருஷன்.

அந்தப் புருஷன் இந்தப் பெரியவர்தான்.

கேமராவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்தான் டைரக்டர். "என் குரல் படத்துல வராது. அதனால கேள்வியையும் சேர்த்து நீங்களே முழுசாச் சொல்லணும்" என்றாள்.

"கேள்வியும் நானே, பதிலும் நானே. அப்புறம் நீ எதுக்கும்மா?"

கேமராக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டைரக்டர் சிரிக்கவில்லை.

"அவங்க ஏன் பாடறதை நிறுத்தினாங்க?"

"அவ பாட்டை நிறுத்தினது என்னாலதான். ராத்திரியில கிளப்பு, புகை, கண்டவன் கொண்டாந்து நீட்டற பூங்கொத்து. எனக்குப் பிடிக்கல. வேண்டாம்னேன். விட்டுட்டா. முடிஞ்சுது. மைக்கைக் கழட்டச் சொல்லு."

"இருங்க. முதல் படத்துல உங்களை எப்படிக் காட்டினாங்கன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். என் வேஷம் கட்டினவன் படம் பூரா பெல்ட்டைக் கழட்டிக்கிட்டே திரிஞ்சான். நான் ஜென்மத்துல பெல்ட்டு போட்டதில்ல."

"அதுக்கப்புறம் தெருவுல ஒருத்தரும் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல."

"முடிவெட்டறவன்கூடப் பேசறதில்ல. நல்லதாப் போச்சு. முன்னெல்லாம் வாயை மூடமாட்டான்."

டைரக்டர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். போன வாரம் கேமராக்காரர் மட்டும் தனியாகப் போய்ப் பிடித்துவந்த பேட்டி. பாடகியின் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர் திரையில் வந்தார். ஆளுயர வாத்தியத்தைத் தூக்கித் திரிந்தவர், இப்போது கைத்தடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் அந்த மனுஷனைத் திட்டறாங்க. அவருதான் தன் லாரியில எங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போவாரு. பாட்டு முடியற வரைக்கும் முன்வரிசையை விட்டு எந்திரிக்கமாட்டாரு. நிறுத்தினது அவரில்ல. பிரசவம் சிக்கலாயிடுச்சு. அவசரத்துல தொண்டைக்குள்ள குழாயை விட்டாங்க. வெளிய கொண்டாந்தப்ப குழந்தை இருந்துச்சு, குரல் இல்ல. பேச முடிஞ்சுது. பாடத்தான் முடியல."

டைரக்டர் அதை நிறுத்தினாள். "இதைப் போட்டா உங்க மேல இருக்கற பழி போயிடும்."

"தூக்கிடு அதை."

"ஏன்?"

"புளுகறான். மேடையில அவன் வாசிச்சதே பாதி நாள் தப்பு. ஞாபகம் மட்டும் சரியா இருக்குமா?"

"தொண்டை டாக்டர் ஒருத்தர் விடாம நீங்க அவங்களைக் கூட்டிட்டு அலைஞ்சீங்கன்னும் சொல்றாரே?"

"பல்வலி. எனக்கு."

"பல்வலிக்குத் தொண்டை டாக்டரா?"

பெரியவர் விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "இந்தா பாரும்மா. அவன் பேச்சு படத்துல இருந்தா என் மூஞ்சி இருக்கக்கூடாது. நான் வேணும்னா அவனைத் தூக்கு."

கேமராக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, எத்தனையோ பேரைப் படம் பிடிச்சிருக்கேன். என்னை நல்லவனாக் காட்டுன்னுதான் கெஞ்சுவாங்க. கெட்டவனாக் காட்டச் சொல்லி மல்லுக்கட்டற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"பார்த்துக்கோ, காசா பணமா? உன் வேலை பிடிக்கறது. பிடி."

டைரக்டர் விடவில்லை. "அந்தக் காலத்துல பத்திரிகைக்காரங்க கேட்டப்பல்லாம் அவங்களும் 'என் புருஷனைக் கேளுங்க'ன்னுதான் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"பேசி வைக்கறதா? அவ என்னிக்கு நான் சொன்ன பேச்சைக் கேட்டா?"

"அப்ப பாட்டை நிறுத்தச் சொன்னதை மட்டும் கேட்டாங்களாக்கும்?"

பெரியவர் மைக்கைத் தானே பிடுங்கி நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார். வாங்கி வைத்திருந்த டீ தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது.

"படம் எடுக்கறவங்க சொல்றதுல எதைத்தான் நம்பறது? முதல் படத்துல பெல்ட்டு. இந்தப் படத்துல குழாய்."

அவர் படிக்கட்டை அடைவதற்குள் டைரக்டர் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"கேமராவை நிறுத்தியாச்சு. மைக்கும் இல்ல. இப்பவாவது நெஜத்தைச் சொல்லுங்க."

"கேமராவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னா வச்சிருக்கேன்? நான்தான் நிறுத்தினேன்."

அவள் குரல் இறங்கியது. "அப்ப அம்மா குரல் போனது நான் பொறந்ததால இல்லையாப்பா?"

"உன்னால இல்லடா கண்ணு, என்னாலதான்" என்று சொல்லிவிட்டு, அவள் நம்பிவிட்டாள் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லாமல், பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.