நாற்காலி இல்லாத வகுப்பு

வேங்கிக்காலில் உள்ள அந்தத் தனியார் பள்ளியில் ஆசிரியர்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்களாம். ஏழாம் வகுப்பில் நின்றபடி கணக்கு நடத்தும் இனியாவின் கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முறுக்கிப் புடைத்திருக்கிறது. "ரத்தம் மேல ஏறாம தேங்குதும்மா. குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, நடுநடுவுல உட்காருங்க. முத்தினா புண்ணாயிடும்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து குதிகாலைத் தூக்கி இறக்கி அலுத்தவள், இப்போது முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டுகிறாள்; பாடம் நிற்கவில்லை. சுவர் மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆயா ஆராயி மூச்சிரைக்க ஓடிவருகிறாள். "டீச்சர், கரஸ்பாண்டன்ட் கேமராவுல பாத்துட்டாரு. எழுந்துருங்க, வேலை போயிடும்." "அவரு மட்டும் நின்னுகினா பாக்குறாரு? பாடம் முடிஞ்சதும் வரேன்னு சொல்லுக்கா." ஆராயி கேமராவை அண்ணாந்து பார்க்கிறாள். வீங்கிய தன் கால்களைப் பார்க்கிறாள். "கொஞ்சம் நகருங்க டீச்சர்" என்கிறாள்.