ஜனவரிக்குள் இங்கிலீஷ்

“‘மீன் என்ன விலை’ன்னு சொல்லத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது டீச்சர்? ‘இன்னியிலேர்ந்து’க்கு இங்கிலீஷ்ல என்ன, அதைச் சொல்லுங்க.”

மிரெல்லா பாடப் புத்தகத்தை மூடினாள். எதிரே, தெற்கு இத்தாலியில் நாப்போலி நகரத்தின் அந்தச் சந்தில் மீன்கடை வைத்திருக்கும் கதெல்லோ, முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையைப் போலப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சோப்புப் போட்டும், கிறிஸ்துமஸுக்கு வெட்டிய விலாங்கு மீன் அவரை விட்டுப் போவதாக இல்லை.

“ஃப்ரம் நௌ ஆன்.”

“ஃப்ரம் நௌ ஆன்,” என்றார் கண்ணை மூடி. “அடுத்தது, ‘மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.’”

மிரெல்லா தூரினோக்காரி. இங்கே குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வடக்கத்திக்காரி என்பதால் சந்தில் யாரும் அவளிடம் வம்பு பேசுவதில்லை. அவளுக்கோ வம்பில்லாமல் காபி இறங்குவதில்லை.

அதனால்தான் இந்த மாணவர் அவளைப் பாடாய்ப் படுத்தினார். பாடம் தொடங்கிய நாள் முதல் அவர் கேட்பதெல்லாம் ஒரே ரகம். நாளைக்கு, இனிமேல், போனது போகட்டும், புது வாழ்க்கை. வணக்கம் வேண்டாம், வழி கேட்க வேண்டாம், ரொட்டி கேட்கக்கூட வேண்டாம். இங்கிலாந்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் மனிதர் பட்டினி கிடப்பார்; ஆனால் மிகுந்த நம்பிக்கையோடு கிடப்பார்.

“லண்டன் போறீங்களா, மாமா?”

“எதுக்கு? அங்க மீனை மாவுல முக்கி ரெண்டாம் தடவை சாகடிக்கறாங்களாம். நான் வரல.”

“அப்ப யார்கிட்ட பேசறதுக்கு இதெல்லாம்?”

கதெல்லோவின் காது சிவந்தது. “ஒரு பொம்பளைகிட்ட.”

மிரெல்லாவின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

“இங்கிலீஷ்காரங்களா?”

“இங்கிலீஷ்லதான் பேசியாகணும். வேற வழியில்ல,” என்றார் அவர், சுவரைப் பார்த்து. “அதுவும் ஜனவரிக்குள்ள. முதல் தேதி என்ன பண்றோமோ அதையேதான் வருஷம் பூரா பண்ணுவோம்னு உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா? இன்னொரு வருஷம் இப்படியே ஓட்ட என்னால ஆகாது டீச்சர். வீடா அது? கல்லறைத் தோட்டமே தேவலாம்.”

“உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

அவர் எழுந்தே விட்டார். “நுன்சியாவா! ஐயையோ, அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. காரியமே கெட்டுடும்.”

அவர் போன பிறகும் விலாங்கு வாசனை போகவில்லை. மிரெல்லாவின் மனக்குடைச்சலும் போகவில்லை. வினைச்சொல் சொல்லிக் கொடுத்தே ஒரு குடும்பத்தைக் கலைத்த முதல் ஆசிரியை தான்தானோ என்று தோன்றியது. சொல்லிவிடலாமா? சொன்னால் மாணவருக்குத் துரோகம். சொல்லாவிட்டால், தினமும் ஜன்னல் வழியே தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அந்த அம்மாளுக்குத் துரோகம்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் அந்த அம்மாளே நின்றிருந்தாள். இடுப்பில் ஏப்ரன், கையில் தேன் சொட்டும் மாவு உருண்டைகள் ஒரு தட்டு நிறைய.

“என் வீட்டுக்காரர் இங்கதானே வந்து போறார்?”

“அது வந்து... பாடத்துக்குத்தான்...”

“பாடமாத்தான் இருக்கும். அந்த மூஞ்சிக்கு வேற என்ன கிடைக்கும்?” நுன்சியா தட்டை மேஜையில் வைத்தாள். “குளிக்கற ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு என்னவோ முணுமுணுக்கறார். கதவுல காதை வெச்சுக் கேட்டேன், ஒரு எழவும் புரியல. என்னம்மா சொல்லிக் குடுக்கறே அந்த மனுஷனுக்கு?”

தேன் உருண்டையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல மிரெல்லாவுக்கு வாய் வரவில்லை.

“‘மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்’னு சொல்லக் கத்துக்கிட்டார். ‘புது வாழ்க்கை’ன்னும் கேட்டார். ஒரு... ஒரு பொம்பளைகிட்ட சொல்றதுக்காம். ஜனவரிக்குள்ள. என்னை மன்னிச்சுடுங்க அக்கா.”

நுன்சியா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

மிரெல்லா தண்ணீர் எடுக்க ஓடினாள். “அழாதீங்கக்கா. இந்த ஆம்பளைங்களே இப்படித்தான். நீங்க வேணா ஒரு வக்கீலை...”

ஏப்ரன் இறங்கியது. கண் நனைந்திருந்தது உண்மைதான். ஆனால் வாய் காது வரை போயிருந்தது.

“வக்கீல் கிடக்கறான். ‘சரி, ஆரம்பிக்கலாம்’னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்ன? முதல்ல அதைச் சொல்லிக் குடு.”

“நீங்க எதுக்குக்கா? அவர் வேற ஒருத்திகிட்ட...”

“வேற எவ? நான்தாண்டி அது! பையன் கல்யாணத்துல அத்தனை பேர் நடுவுல, என் தக்காளிக் குழம்பைவிட அவங்க அம்மா வெச்சதுதான் ருசின்னுட்டார். அன்னிக்கே ரெண்டு பேரும் சந்து முனை மாதா முன்னாடி மெழுகுவத்தி ஏத்தி, சாகற வரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாய் திறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டோம். இப்ப எங்க பேரனே பள்ளிக்கூடம் போறான்.”

“சத்தியம் சத்தியம்தானேக்கா? இங்கிலீஷ்ல பேசினா மட்டும்...”

நுன்சியா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு மிரெல்லாவின் காதருகே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“எங்க மாதா இந்தச் சந்தை விட்டு ஒரு நாளும் வெளிய போனதில்லம்மா, அவளுக்கு இங்கிலீஷ் எங்க புரியப்போகுது!”