சத்தமில்லாத வண்டி

வாயை மூடிக்கொள், பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டுவிடும் என்று சுகந்தி தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாலைவன ராலி கார் பந்தயங்களில் டீசல் வண்டி ஓட்டிய காலம் முழுக்க, ஒவ்வொரு மணல்மேட்டிலும் ஹெல்மெட் மைக்கை அணைத்துவிட்டு, "பயமா இருக்கு, பயமா இருக்கு" என்று கத்திக்கொண்டேதான் ஏறியிருக்கிறாள். எஞ்சின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். வெளியே அவளுக்குப் பயமறியாதவள் என்று பெயர். இந்த மின்சார வண்டியிலோ, சக்கரத்தடியில் மணல் நொறுங்குவதும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் ஜெசிந்தா எச்சில் விழுங்குவதும்கூடக் கேட்டன.

பெரிய மேட்டின் உச்சியில் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. எதிரே வானம் மட்டும்தான் தெரிந்தது. உதட்டைக் கடித்தும் அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது.

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். "அப்பாடா! எனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சேன்க்கா."

சுகந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சேர்ந்து கத்திக்கொண்டே சரிவில் இறங்கினார்கள். கீழே வந்த பிறகுதான், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமலே ஓட்டியிருப்பதை அவள் கவனித்தாள்.

முகாமில் விளம்பரப் படம் எடுப்பவன் கேமராவோடு காத்திருந்தான். "எப்பவும் சொல்ற டயலாக்தான் மேடம். 'பயமா? எனக்கா?' ஒரே டேக்ல முடிச்சிரலாம்."

சுகந்தி ஹெல்மெட்டைக் கழற்றி, மைக்கில் ஒட்டியிருந்த மணலைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"இந்த வருஷம் அது வேணாம் தம்பி" என்றாள்.